புதிய ஊரில் மேற்படிப்பு: கிளம்பும் முன் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுநிலைப் படிப்புக்கோ முனைவர் பட்ட ஆய்வுக்கோ இடம் கிடைத்து, பழக்கமில்லாத ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய இதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறோம். வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் பொருந்துவதை அந்தந்த இடத்தில் சொல்லியிருக்கிறோம். மற்றவை எல்லோருக்கும் பொது.

சேர்க்கைக் கடிதம் வந்துடுச்சு. முதல்ல எதைச் செய்யணும்?

கடிதத்தை முழுதாகப் படித்து மூன்று இடங்களில் அடிக்கோடு போடுங்கள்: சம்மதம் தெரிவிக்கக் கடைசி நாள், சேர்க்கைக்கு விதித்திருக்கும் நிபந்தனைகள், பண உதவி பற்றிய வாசகம். நிபந்தனையோடு வந்த சேர்க்கை என்றால் இறுதி மதிப்பெண் பட்டியல், பட்டச் சான்றிதழ், மொழித் தேர்வு முடிவு போன்றவை குறிப்பிட்ட தேதிக்குள் போய்ச் சேரவேண்டும். "வந்தபிறகு கொடுத்தால் போதும்" என்று யாராவது ஃபோனில் சொன்னால், அதையே மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கி வையுங்கள்.

அடுத்து, ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுங்கள். கிளம்பிவிட்டால் செய்ய முடியாதவை ஒன்று. அங்கே போனால்தான் செய்ய முடிகிறவை இரண்டு. எங்கிருந்தும் செய்யக்கூடியவை மூன்று. இப்போதைக்கு அவசரம் முதல் பட்டியலுக்கு மட்டும்தான். பெரும்பாலானவர்கள் மூன்றாவதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்: பெட்டி, லேப்டாப், உடுப்பு என்று அலைந்துவிட்டு, சான்றிதழ் வேலையைக் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். பெட்டி எந்த ஊரிலும் கிடைக்கும். பழைய கல்லூரி அலுவலகத்தின் முத்திரை அந்த ஓர் இடத்தில்தான் கிடைக்கும்.

அந்த முதல் பட்டியல்ல என்னென்ன வரும்?

மதிப்பெண் பட்டியல்கள், பட்டச் சான்றிதழ் அல்லது தற்காலிகச் சான்றிதழ், நூலகம், விடுதி, ஆய்வகம் ஆகியவற்றில் பாக்கி இல்லை என்ற கடிதம், உறையிட்டு முத்திரை வைத்த மதிப்பெண் நகல் நான்கைந்து. நிலுவை இருந்தால் சான்றிதழை நிறுத்திவைக்கிற கல்லூரிகள் உண்டு. திருப்பித் தராத ஒரே ஒரு நூலகப் புத்தகத்துக்காக மூன்று வாரம் போய்விடும். கையில் வந்தவற்றையெல்லாம் 300 டிபிஐ தெளிவில் வண்ணத்தில் ஸ்கேன் செய்து, கோப்பின் பெயரிலேயே ஆவணமும் ஆண்டும் தெரிகிறமாதிரி சேமியுங்கள். ஃபோனில் எடுத்த கோணலான படத்தைப் பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும்.

வெளிநாட்டுக்கு என்றால் இரண்டு வேலை கூடுதல். கடவுச்சீட்டு எதுவரை செல்லும் என்று பாருங்கள். நுழையும் தேதியிலிருந்து ஆறு மாதமாவது இருக்கவேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. சான்றிதழ்களுக்கு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்ட அரசு தரும் சான்று) தேவையா என்று கேளுங்கள். 1961-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கையில் இருக்கும் நாடுகளுக்கிடையே அந்த ஒரு முத்திரை போதும். உடன்படிக்கைக்கு வெளியே உள்ள நாடு என்றால் தூதரகச் சான்றும் வாங்கவேண்டும், அதற்கு நாள் அதிகம் பிடிக்கும்.

பழைய கல்லூரி மின்னஞ்சலும் ஃபோன் நம்பரும் போயிட்டா பெரிய பிரச்சினையா?

ஆமாம், நினைப்பதைவிடப் பெரிய பிரச்சினை. கல்லூரி முகவரி படிப்பு முடிந்த சில மாதங்களில் மூடப்படலாம். அதோடு சேர்ந்து கிளவுடில் வைத்த கோப்புகளும், அந்த முகவரியை வைத்துத் திறந்த கணக்குகளும் போய்விடும். இப்போதே கோப்புகளை இறக்கி, எல்லாக் கணக்குகளிலும் சொந்த முகவரியைப் பதிவு செய்யுங்கள். ஆய்வுப் பக்கம் போகிறவர்கள் ஆர்க்கிட் (ORCID) என்ற, ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க எண்ணை இலவசமாக எடுத்து, அதிலும் சொந்த முகவரியையே கொடுங்கள். நிறுவனம் மாறினாலும் உங்கள் கட்டுரைகள் உங்கள் பெயரிலேயே சேர்ந்திருக்கும்.

ஃபோன் நம்பர் இன்னும் மோசம். வங்கி, மின்னஞ்சல், அரசு தளங்கள் எல்லாம் ஓடிபியை அந்த நம்பருக்குத்தான் அனுப்பும். நம்பர் செத்தால் உள்ளே நுழைய வழியில்லை. கிளம்பும் முன் முடிந்த கணக்குகளுக்கெல்லாம் ஓடிபி தரும் செயலிக்கு மாறுங்கள், மீட்புக் குறியீடுகளைத் தாளில் அச்சடித்துச் சான்றிதழ்களோடு வையுங்கள், பழைய நம்பரைக் குறைந்தபட்சத் திட்டத்தில் ஆறு மாதமாவது உயிரோடு வைத்திருங்கள்.

ஒவ்வொரு சான்றிதழ்லயும் என் பேர் ஒவ்வொரு மாதிரி இருக்கு. ஒத்துக்குவாங்களா?

ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அதன் விரிவு, மூன்றாவதில் ஓர் எழுத்து கூடுதல் என்றால் எங்காவது ஒரு மேஜையில் நிற்கத்தான் செய்யும். எந்த அடையாள ஆவணத்தை அடிப்படையாக எடுத்துக்கொள்வார்கள் என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்டு, விண்ணப்பம், பயணச்சீட்டு, வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் அதில் உள்ளபடியே எழுதுங்கள். மாறுபடும் சான்றிதழ்களுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆளுடையவை என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். இதுவும் முதல் பட்டியலில் சேரும் வேலைதான்.

எத்தனை நாள் முன்னாடி போய்ச் சேரணும்?

அறிமுக நிகழ்ச்சி தொடங்குவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் முன்னால். வீடு பார்க்க ஒரு வாரம், வங்கி, அடையாள அட்டை, பதிவு வேலைகளுக்கு மூன்று நான்கு நாள், சும்மா இருக்க இரண்டு நாள் என்று கணக்கு. கடைசி இரண்டு நாளை வெட்டிவிடாதீர்கள். அலைந்த களைப்போடு முதல் வகுப்பில் உட்காருகிறவருக்கு அந்த வாரமே வீண். கால வேறுபாடு உள்ள நாட்டுக்கு என்றால், ஒரு மணி நேர வேறுபாட்டுக்குச் சுமார் ஒரு நாள் உடம்புக்குக் கொடுங்கள். கிழக்கு நோக்கிப் போகும்போது மேற்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே பிடிக்கும்.

ஒரு மாதம் முன்பே போவதில் பெரிய லாபமில்லை. விடுதி திறந்திருக்காது, துறையில் ஆள் இருக்கமாட்டார்கள், தங்கும் செலவு மட்டும் ஏறும்.

கையில எவ்வளவு பணம் இருந்தா பயமில்லாம கிளம்பலாம்?

அந்த ஊரில் ஒரு மாதம் இருக்க ஆகும் மொத்தச் செலவை 100 என்று வைத்துக்கொள்வோம். அதில் வாடகை 40. மூன்று மாதச் செலவு 300. வீட்டு அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை என்றால் 80. மெத்தை, மேஜை, பாத்திரம், விரிப்பு, விளக்கு என்று குடியேறும் செலவு 60. பயணம், பதிவுக் கட்டணம், அடையாள அட்டை, காப்பீடு 50. கூட்டினால் 490. எதிர்பாராததற்கு நூற்றுக்குப் பதினைந்து சேர்த்தால் சுமார் 560. ஏறக்குறைய ஐந்தரை மாதச் செலவு. கல்விக்கட்டணம் இதில் இல்லை.

விகிதம் ஊருக்கு ஊர் மாறும், குறிப்பாக அட்வான்ஸ். ஆனால் கணக்குப் போடும் முறை இதுதான். மாதச் செலவை மட்டும் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இடறுவது குடியேறும் செலவில்; சின்னச் சின்னதாகப் போவதால் அது கணக்கிலேயே வருவதில்லை. முதல் மாதச் செலவை எழுதி வையுங்கள். மாதச் செலவு 100 என்று நீங்கள் போட்ட மதிப்பு சரியா என்பது அதில்தான் தெரியும்.

ஸ்டைபெண்ட் வருதே, அப்புறம் எதுக்கு மூணு மாசப் பணம்?

வேலை பார்த்த மாதத்துக்கு மாத முடிவில் அல்லது அடுத்த மாதம்தான் பணம் வரும். அதற்குள் உங்கள் பெயர் சம்பளப் பட்டியலில் ஏறவேண்டும். ஏற வங்கிக் கணக்கு வேண்டும். கணக்குக்கு முகவரிச் சான்று வேண்டும். முகவரிக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். வீட்டுக்காரரோ சம்பளச் சான்று கேட்பார். இந்த வட்டத்தில் ஒரு படிவம் தவறினாலும் முதல் பணம் இரண்டாம் மாதக் கடைசிக்குப் போய்விடும்.

வட்டத்தை உடைக்கும் தாள் ஒன்று உண்டு: நீங்கள் சேர்ந்திருக்கிறீர்கள், இன்ன தொகை மாதாமாதம் தரப்படும், இன்ன தேதிவரை தரப்படும் என்று துறை தரும் கடிதம். கிளம்பும் முன்பே கேட்டு வாங்குங்கள். கூடவே இரண்டு கேள்வி: கட்டண விலக்கு இருந்தாலும் நாம் கட்டவேண்டிய தனிக் கட்டணங்கள் உண்டா? விடுமுறை மாதங்களில் பணம் வருமா? பன்னிரண்டு மாதம் என்று நினைத்துக்கொண்டு ஒன்பது மாத உதவித்தொகையில் மாட்டுகிறவர்கள் நிறைய.

இங்கிருந்தே வீட்டைப் பிடிச்சிட்டுப் போயிடலாமா?

கல்வி நிறுவனத்தின் சொந்த விடுதி கிடைத்தால் முதல் ஆண்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். அறை சின்னதாக இருக்கலாம், ஆனால் ஏமாற்று இல்லை, பயணம் இல்லை, ஊரைத் தெரிந்துகொள்ள ஓர் ஆண்டு கிடைக்கிறது. விண்ணப்பத்துக்குத் தனிக் கடைசி நாள் இருக்கும். சேர்க்கை கிடைத்தால் அறையும் தானாகக் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள்.

விடுதி இல்லையென்றால் இரண்டு வாரத் தற்காலிகத் தங்கலை மட்டும் இங்கிருந்து பதிவு செய்யுங்கள். விருந்தினர் இல்லமோ மூத்த மாணவர் ஒருவரின் காலி அறையோ போதும். வீடு பார்ப்பது இரண்டாவது பட்டியல், அங்கே போனால்தான் முடியும். பார்க்காமல் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதைவிட இரண்டு வாரக் கூடுதல் செலவு எவ்வளவோ மேல்.

ஆன்லைன்ல பார்த்த வீட்டுக்கு உடனே அட்வான்ஸ் கேக்கறாங்க. அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். இந்த ஏமாற்றுக்கு எல்லா ஊரிலும் ஒரே முகம்: வாடகை சுற்றுவட்டாரத்தைவிட வெகு குறைவு, படங்கள் பளிச்சென்று இருக்கும், உரிமையாளர் வெளியூரில் இருப்பார், சாவியைக் கூரியரில் அனுப்புவார், இன்னும் நான்கு பேர் காத்திருப்பதாகச் சொல்லி அவசரப்படுத்துவார், திரும்ப வாங்க முடியாத வழியில்தான் பணம் கேட்பார்.

நிஜமாகவே நல்ல வீடாக இருக்கலாம் என்று தோன்றினால் சோதித்துப் பாருங்கள். படத்தை வைத்து இணையத்தில் தேடுங்கள். வேறு ஊர் விளம்பரத்தில் அதே படம் இருக்கும். நேரலை வீடியோவில் குழாயைத் திறக்கச் சொல்லுங்கள், ஜன்னல் வழியாகத் தெருவைக் காட்டச் சொல்லுங்கள். அந்த ஊரில் இருக்கும் மாணவர் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். இவற்றில் ஒன்றுக்காவது மறுத்தால் விட்டுவிடுங்கள். அவசரப்படுத்துவதே போதுமான அறிகுறி.

நேர்ல பார்க்கும்போது எதைக் கவனிக்கணும்?

ஒரே வீட்டை இரண்டு நேரம் பாருங்கள்: வேலைநாள் காலையில் ஒருமுறை, இரவு பத்து மணிக்கு ஒருமுறை. பகலில் அமைதியாக இருக்கும் தெரு இரவில் எப்படி என்பதும், வெளிச்சம் இருக்கிறதா என்பதும் அப்போதுதான் தெரியும். படுக்கையறையில் நின்று ஃபோன் பேசிப் பாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்து நீரின் வேகம் குறைகிறதா என்று பாருங்கள். அலமாரிக்குப் பின்னாலும் குளியலறைக் கூரையிலும் பூஞ்சை வாசனை, புதிதாகப் பெயின்ட் அடித்த ஒரே ஒரு திட்டு இருந்தால் காரணம் கேளுங்கள். மேஜை போடும் இடத்தில் பிளக் பாயின்ட் உண்டா? ஜன்னல் திறக்கிறதா? பூட்டை மாற்ற அனுமதி உண்டா?

ஆய்வு மாணவருக்கு ஒரு கூடுதல் கேள்வி: அறைக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்து படிக்க வெளிச்சமும் நாற்காலி போட இடமும் இருக்கிறதா? தூங்க மட்டும் உதவும் அறை எழுதும் காலத்தில் சிறையாகிவிடும்.

காம்பஸ் பக்கத்துல வாடகை அதிகம். தள்ளிப் போனா மிச்சம்தானே?

கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். போக அரை மணி, வர அரை மணி கூடுதல் என்றால் மாதம் இருபது வேலைநாளில் இருபது மணி நேரம். அதோடு பயணச் செலவு, கடைசி வண்டியைத் தவறவிடும் நாட்களில் ஆகும் செலவு. வாடகை மிச்சத்திலிருந்து இவற்றைக் கழித்தபின் எஞ்சுவதுதான் உங்கள் மிச்சம். வீட்டு வாசலிலிருந்து துறை வாசல்வரை நாற்பத்தைந்து நிமிடம் என்பது பெரும்பாலோருக்குத் தாங்கும் எல்லை. வரைபடம் காட்டும் நேரத்தை நம்பாமல் நெரிசல் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆய்வகத்தில் இரவு வேலை இருக்கும் படிப்பு என்றால் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதே முதல் கேள்வி.

வாடகை ஒப்பந்தத்துல எந்த வரியைத் தேடிப் படிக்கணும்?

காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, அதற்குமுன் வெளியேறினால் என்ன பிடிப்பார்கள், அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்பும், எதற்கெல்லாம் கழிப்பார்கள், பழுது யார் பொறுப்பு, மின்சாரம், தண்ணீர், இணையம் வாடகைக்குள் சேருமா, உள்வாடகைக்கு விடலாமா. நண்பர்களோடு சேர்ந்து கையெழுத்திடும்போது "கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு" என்ற வரி இருந்தால், ஒருவர் பாதியில் போனாலும் அவர் பங்கை மற்றவர்கள் கட்டவேண்டும் என்று பொருள்.

சாவி வாங்கிய அன்றே, சாமான் இறக்குவதற்குமுன், ஒவ்வொரு அறையின் நான்கு மூலையும், கீறல், கறை, உடைசல், மின் மீட்டர் எண் எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். தேதியோடு பதிவாகிவிடும். அட்வான்ஸ் திரும்பி வருவதும் வராததும் பெரும்பாலும் இந்தப் பத்து நிமிட வேலையில்தான் இருக்கிறது.

ரூம்மேட்டோட சண்டை வராம இருக்க என்ன செய்யலாம்?

முதல் வாரத்திலேயே, எல்லோரும் நல்லபடியாக இருக்கும்போதே, ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: வாடகை எந்தத் தேதி யார் கையில், கட்டணங்கள் எப்படிப் பங்கு, சுத்தம் செய்யும் முறை, விருந்தினர் எத்தனை நாள், இரவு எத்தனை மணிக்குமேல் சத்தம் கூடாது, வெளியேறுகிறவர் எத்தனை நாள் முன்பு சொல்லவேண்டும். நண்பர்களுக்குள் இதெல்லாம் எதற்கு என்று கூச்சப்படுவார்கள். நட்பைக் காப்பதே அந்தத் தாள்தான்.

பெட்டியில என்ன வைக்கறது, எதை விடறது?

கைப்பையில் அசல் சான்றிதழ்கள், ஒரு மாத மருந்து, லேப்டாப், சார்ஜர், ஒரு செட் உடுப்பு, வெவ்வேறு நெட்வொர்க்கைச் சேர்ந்த இரண்டு வங்கி அட்டைகள். பெரிய பெட்டி ஒரு வாரம் தாமதமாக வந்தாலும் இவற்றை வைத்துச் சமாளிக்கலாம். விமானம் என்றால் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும். பொதுவான எல்லை 100 வாட் மணி. 20,000 எம்ஏஹெச் பவர் பேங்க் 3.7 வோல்ட்டில் 74 வாட் மணி என்பதால் அடங்கும்.

மின்சாதனம் எடுத்துப்போகும் முன் சார்ஜர் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100–240 வோல்ட் என்றிருந்தால் பிளக் மாற்றி மட்டும் போதும். 230 வோல்ட்டுக்கு மட்டும் செய்த சூடேற்றும் சாதனம் 120 வோல்ட் ஊரில் ஒழுங்காகச் சூடாகாது. 120-க்குச் செய்ததை 230-இல் சொருகினால் எரிந்துபோகும். இஸ்திரிப் பெட்டியை விட்டுவிட்டுப் போங்கள். புத்தகமும் அப்படித்தான்: சராசரிப் புத்தகம் அரைக் கிலோ வரும், பத்து எடுத்தால் ஐந்து கிலோ. அடிக்கடி புரட்டும் இரண்டு மூன்று போதும், மற்றவை அங்கே நூலகத்தில் இருக்கும்.

மருந்து, டாக்டர் விஷயத்துல என்ன முன்னேற்பாடு?

பல், கண் பரிசோதனையை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் உபரியாக ஒரு ஜோடியும் பவர் சீட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர்கள், வணிகப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரும் அளவும் எழுதிய சீட்டை வாங்குங்கள். வணிகப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், மூலப்பெயர் புரியும். வெளிநாடு போகிறவர்கள் கோடீன், சூடோஎஃபெட்ரின் போன்றவை கலந்த சாதாரண இருமல், சளி மருந்துகளுக்குக்கூட அங்கே கட்டுப்பாடு உண்டா என்று தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள். தடுப்பூசிப் பதிவேட்டையும் மறக்கவேண்டாம்.

காப்பீட்டில் இடைவெளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். பழையது ஒரு தேதியில் முடியும், மாணவர் காப்பீடு பதிவு முடிந்த பிறகே தொடங்கும். நடுவில் உள்ள நாட்களில்தான் நீங்கள் பெட்டி தூக்கிக்கொண்டு அலைகிறீர்கள். அந்த நாட்களுக்குக் குறுகிய காலக் காப்பீடு எடுங்கள்.

புது லேப்டாப் வாங்கணுமா?

இருப்பது வேலை செய்தால் பொறுங்கள். சில துறைகளின் மென்பொருள் ஒரே ஒரு இயங்குதளத்தில்தான் ஓடும்; கனமான கணக்கீடுகளுக்குத் துறையே கணினி தரலாம்; மாணவர் சலுகை விலை பதிவு முடிந்தபின்தான் கிடைக்கும். வாங்கியே ஆகவேண்டும் என்றால் 16 ஜிபி நினைவகம், 512 ஜிபி எஸ்எஸ்டி பெரும்பாலான படிப்புகளுக்குப் போதும்.

வகுப்பு தொடங்கறதுக்குள்ள எதைப் படிச்சு வைக்கணும்?

எல்லாவற்றையும் படிக்கப் பார்க்காதீர்கள். முதல் பருவப் பாடங்களின் பழைய பாடத்திட்டத்தைத் துறைத் தளத்திலோ மூத்த மாணவரிடமோ வாங்கி, "இது தெரிந்திருக்கவேண்டும்" என்று எழுதியிருப்பவற்றில் உங்களுக்கு ஆட்டம் காணும் இரண்டை மட்டும் தேர்ந்தெடுங்கள். அறிவியல், பொறியியலில் பெரும்பாலும் புள்ளியியல், நேரியல் இயற்கணிதம், நிரலாக்கம் ஆகியவற்றில் ஒன்று. மானுடவியல், வரலாறு, இலக்கியம் என்றால் மூலநூல் படிக்கத் தேவையான மொழி, அல்லது எல்லோரும் படித்திருப்பதாக ஆசிரியர் எடுத்துக்கொள்ளும் கோட்பாட்டு நூல்கள்.

நாளுக்கு ஒன்றரை மணி, வாரம் ஐந்து நாள், எட்டு வாரம்: அறுபது மணி நேரம். இரண்டு பகுதிகளைச் சீர்செய்ய அது தாராளம். ஆனால் வாசித்துக்கொண்டே போனால் புரிந்ததுபோல் தோன்றி, தேர்வில் கை நகராது. மணி நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கைக் கணக்குப் போடவும், படித்ததைப் புத்தகத்தை மூடிவிட்டு எழுதிப் பார்க்கவும் செலவிடுங்கள்.

கட்டுரைகளை எப்படிச் சேர்த்து வைக்கறது? ஆயிரக்கணக்குல படிக்கணும்ங்கறாங்களே?

முதல் நாளிலிருந்தே மேற்கோள் மேலாண்மை மென்பொருளில் சேருங்கள். 2006-இல் வெளிவந்த ஸோட்டெரோ இலவசம், திறந்த மூலநிரல் கொண்டது. இணையத்தில் சேமிக்க 300 எம்பி வரை காசில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் மூன்று வரி எழுதுங்கள்: என்ன கேட்டார்கள், எப்படிக் கண்டுபிடித்தார்கள், எனக்கு இது எதற்கு. நான்காம் ஆண்டில் ஆய்வேடு எழுதும்போது அந்த மூன்றாவது வரிக்கு மதிப்பே தனி.

காப்பு நகலுக்கு 3-2-1 வழக்கம்: மூன்று நகல், இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். பழைய கல்லூரி மின்னஞ்சல் பற்றிச் சொன்னது இங்கேயும் பொருந்தும்: புதிய நிறுவனத்தின் கிளவுடை மட்டும் நம்பவேண்டாம், அதுவும் ஒருநாள் மூடும்.

நெறியாளருக்கு முன்கூட்டியே மெயில் போட்டா தொந்தரவா நினைப்பாங்களா?

நினைக்கமாட்டார்கள், மெயில் சின்னதாக இருந்தால். வகுப்பு தொடங்க மூன்று நான்கு வாரம் இருக்கும்போது ஒரே ஒரு மெயில், ஐந்தாறு வரி: நான் இன்னார், இந்தப் படிப்பில் சேருகிறேன், இன்ன தேதி வருகிறேன், வந்த வாரத்தில் இருபது நிமிடம் சந்திக்கலாமா, அதற்குள் நான் படிக்கவேண்டியது ஏதாவது உண்டா. வாழ்க்கை வரலாறு வேண்டாம், பத்துக் கேள்வி வேண்டாம். பத்து நாளில் பதில் இல்லையென்றால் ஒருமுறை நினைவூட்டுங்கள், அதற்குமேல் நேரில்.

பேர் பெற்ற கைடா, நேரம் கொடுக்கற கைடா? யாரைத் தேர்ந்தெடுக்கறது?

நேரம் கொடுக்கிறவரை. பெயர் பெற்றவர் நேரமும் கொடுக்கிறார் என்றால் மகிழ்ச்சி. ஆனால் உங்கள் வரைவைப் படிக்க நான்கு மாதம் எடுப்பவரின் பெயர் உங்களுக்கு உதவாது. இதை அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. அவரிடம் இப்போது படிக்கும் மாணவர்கள், விட்டுப்போன மாணவர்கள் இருவரிடமும் கேளுங்கள். மெயிலில் யாரும் மனம்விட்டு எழுதமாட்டார்கள், நேரிலோ ஃபோனிலோ பேசுங்கள்.

கேட்கவேண்டியவை: எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திக்கிறார்? வரைவு எத்தனை நாளில் திரும்புகிறது? கடைசியாக முடித்த மூன்று நான்கு பேர் எத்தனை ஆண்டு எடுத்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? கட்டுரையில் பெயர் வரிசையை யார், எப்போது முடிவு செய்கிறார்கள்? நிதித் திட்டம் பாதியில் முடிந்தால் மாணவர் என்ன செய்தார்? "நல்லவர்தான்..." என்று இழுத்துவிட்டு நிறுத்தினால் அந்த இழுப்பையும் பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மத்தவங்க எல்லாம் கெட்டிக்காரங்க. என்னைத் தப்பா எடுத்துட்டாங்களோன்னு இருக்கு.

இந்த எண்ணத்துக்கு 'இம்போஸ்டர்' (போலி) உணர்வு என்று பெயரே உண்டு. 1978-இல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், சாதித்தும் தங்களைப் போலி என்று நினைத்துக்கொண்டவர்களைப் பற்றி எழுதினார்கள். மேற்படிப்பில் இது கூடுவதற்குக் காரணம் எளிது: இதுவரை வகுப்பில் முதலாவதாக இருந்தவர்கள் எல்லோரும் ஒரே அறையில் உட்காருகிறீர்கள். அடுத்தவர் தனக்குத் தெரிந்ததைத்தான் பேசுவார், தெரியாததைப் பேசமாட்டார். நீங்களோ உங்களுக்குத் தெரியாத அத்தனையையும் அறிவீர்கள். அதனால் ஒப்பீடு தொடக்கத்திலேயே கோணல்.

மூன்று நான்கு பேர் சேர்ந்த படிப்புக் குழுவை இரண்டாம் வாரத்துக்குள் அமைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் எங்கே தடுமாறுகிறார் என்று ஒருமுறை பார்த்தால் பாதி பயம் போகும்.

வீட்டு ஞாபகம் வந்து படிக்கவே முடியலைன்னா?

முதல் சில வாரம் வருவது இயல்பு. நாள் முழுக்க ஃபோனில் வீட்டோடு இருப்பதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று நாள் குறித்த நேரத்தில் நிதானமாகப் பேசுங்கள். படிப்போடு தொடர்பில்லாத ஒரு வேலையை, விளையாட்டோ பாட்டோ நடையோ, வாரம் ஒருமுறை அதே இடத்தில் அதே ஆட்களோடு செய்யுங்கள். ஊர் பழகுவது அப்படித்தான்.

இரண்டு வாரத்துக்குமேல் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, வகுப்புக்குப் போகவே முடியவில்லை என்றால் வளாக ஆலோசகரிடம் போங்கள். தேர்வு நெருங்கும்போது அங்கே காத்திருப்போர் வரிசை நீளும், அதனால் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று தள்ளாதீர்கள். உயிரை விட்டுவிடலாமா என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் அன்றே, அந்த நேரமே, பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் சொல்லி அவசர உதவிக்குப் போய்விடுங்கள்.

துணையும் குழந்தையும் கூட வர்றாங்க. என்ன கூடுதலா பார்க்கணும்?

குழந்தைக் காப்பகத்தில் காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் இருக்கும் ஊர்கள் உண்டு; சேர்க்கைக்குச் சம்மதம் சொன்ன வாரமே பெயர் கொடுங்கள். குடும்ப விடுதி தனிப் பட்டியல். மாணவர் காப்பீடு குடும்பத்தைத் தானாகச் சேர்க்காது, கட்டணம் தனி. வெளிநாடு என்றால் துணைவருக்கு வேலை செய்ய அனுமதி உண்டா என்பதைப் பொறுத்தே பணக் கணக்கு மாறும். இல்லை என்று வைத்துக்கொண்டே கணக்குப் போடுங்கள். முடிந்தால் நீங்கள் முதலில் போய் வீடு அமைத்து, ஒரு மாதம் கழித்து அவர்கள் வரட்டும்.

முந்தின படிப்போட வைவா இன்னும் முடியலை, புதுசு தொடங்குது. சேர முடியுமா?

பல இடங்களில் முடியும், ஆனால் கேட்காமல் போகக்கூடாது. ஆய்வேடு சமர்ப்பித்தாகிவிட்டது, வாய்மொழித் தேர்வு இன்ன மாதத்தில் நடக்கும் என்று பழைய துறைத்தலைவர் கையெழுத்திட்ட கடிதத்தை முன்கூட்டியே அனுப்பி, தற்காலிகச் சேர்க்கை கிடைக்குமா, எந்தத் தேதிக்குள் சான்றிதழ் வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கள். வைவாவை இணையவழியில் வைக்க வழியுண்டா என்று அங்கேயும் கேளுங்கள். சேர்க்கையையே ஓர் ஆண்டு தள்ளிப்போடுவது கடைசி வழி: இடத்தைத் தள்ளிவைப்பார்கள், பண உதவியைத் தள்ளிவைப்பார்கள் என்று உறுதியில்லை. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்தப்புறம் இது எனக்கான இடமில்லைன்னு தோணினா?

எது சரியில்லை என்று முதலில் பிரியுங்கள். வீடு என்றால் வீட்டை மாற்றலாம், நெறியாளர் என்றால் அவரை மாற்றும் விதி பெரும்பாலான துறைகளில் உண்டு, பாடம் என்றால் ஒரு பாடத்தை விடலாம். படிப்பே தவறு என்று உறுதியானால் மட்டும் வெளியேறுவது. முதல் ஒரு மாத அலைச்சலில் இந்த நான்கும் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். முதல் பருவம் முடியும்வரை கடைசி முடிவை எடுக்காதீர்கள்.

அதேசமயம் தேதிகளைத் தெரிந்து வைத்திருங்கள், ஏனென்றால் தேதி காத்திருக்காது. எந்த நாள்வரை பாடத்தை விட்டால் மதிப்பெண் பட்டியலில் ஏறாது, எந்த நாள்வரை கட்டணம் முழுதாகவோ பாதியாகவோ திரும்பும், தற்காலிக விடுப்பு எடுத்தால் இடம் எத்தனை காலம் இருக்கும், முனைவர் படிப்பில் இருந்தால் முதுநிலைப் பட்டத்தோடு வெளியேற வழி உண்டா, வெளிநாடு என்றால் விடுப்பில் இருக்கும்போது விசா செல்லுமா. இவையெல்லாம் மாணவர் கையேட்டில் இருக்கும். சேர்ந்த வாரமே அந்தத் தேதிகளை நாட்காட்டியில் ஏற்றிவிட்டு, வாடகை ஒப்பந்தத்தில் குறித்துவைத்த முன்னறிவிப்பு நாளையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.